பழைய சென்சஸ் ஏடுகளை வைத்து ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரை ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நிலக்கரி ஊரின் வரலாற்றைத் தேடிப் போனால் முதலில் கையில் கிடைப்பது முதலாளிகளின் கணக்கு, சங்கத் தலைவர்களின் பேச்சு, விபத்து விசாரணை அறிக்கை, அந்தக் காலச் செய்தித்தாள். குழியில் இறங்கியவரின் மனைவி, அவர்கள் வீட்டில் வாடகை கொடுத்துத் தங்கியிருந்த இளைஞன், பத்து வயதில் வேலைக்குப் போன பையன், இவர்களெல்லாம் பெயரோடும் வயதோடும் பிறந்த ஊரோடும் ஒரே இடத்தில் வரிசையாக வருவது அநேகமாக சென்சஸ் ஏட்டில் மட்டும்தான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது பிரிட்டனைப் பற்றி, குறிப்பாக வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம், நார்தம்பர்லாந்து சுரங்கப் பகுதிகளையும் தெற்கு வேல்ஸையும் பற்றி. அங்கே 1841 முதல் 1921 வரை ஆட்களின் பெயருடன் ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன, பெரும்பாலானவை ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்துக்கு வந்துவிட்டன, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டே வேலையை முடிக்கலாம்.

தொடங்கும் முன் ஒன்று. இந்த ஏடுகளை இன்று பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் தாத்தாவின் தாத்தாவைத் தேடுகிறவர்கள், இணையதளங்களும் அவர்களுக்காகவே கட்டப்பட்டவை. பெயரைப் போடு, ஆளைப் பிடி, அவ்வளவுதான். சமூகத்தை ஆராய நினைக்கிறவர்கள் இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஒரு ஆளின் வரி ஒன்றும் சொல்லாது, அவர் இருந்த தெரு முழுவதையும் படித்தால்தான் ஊர் தெரியும்.

1. ஊரைச் சின்னதாகப் பிடியுங்கள்

"டர்ஹம் சுரங்கத் தொழிலாளர்கள்" என்று ஆரம்பித்தால் மூழ்கிப்போவீர்கள். ஒரு குழி, அதைச் சுற்றி நிறுவனம் கட்டிய நாலைந்து வரிசை வீடுகள், அது போதும். அந்தக் குழி எந்த ஆண்டு தோண்டப்பட்டது, எப்போது மூடப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வடகிழக்குக்கு டர்ஹம் மைனிங் மியூசியத்தின் இணையதளத்தில் குழிவாரியாகப் பக்கங்கள் இருக்கின்றன, இறந்தவர்கள் பட்டியலும் இருக்கிறது. இந்த ஆண்டுகள் தெரியாமல் ஏட்டைத் திறந்தால், ஊரே இன்னும் உருவாகாத காலத்தில் ஊரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். தெற்கு வேல்ஸின் ரொண்டா பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1851இல் ஆயிரம் பேர்கூட இல்லாத மேய்ச்சல் நிலம், 1911இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மக்கள். அங்கே 1851 ஏட்டில் சுரங்கத்தைத் தேடிப் பயனில்லை, ஆனால் சுரங்கத்துக்கு முன் யார் இருந்தார்கள் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல ஏடு கிடையாது.

கேள்வியையும் சுருக்கிக்கொள்ளுங்கள். "வாழ்க்கை எப்படி இருந்தது" என்பதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. "இந்தத் தெருவில் இருந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், பத்து வருடம் கழித்து எத்தனை குடும்பம் அதே ஊரில் இருந்தது" என்பது கேள்வி.

2. எந்த ஆண்டில் என்ன எழுதியிருக்கும்

பிரிட்டனில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்தது, ஆனால் 1801 முதல் 1831 வரையிலானவை பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான். பெயர் வருவது 1841இல்.

1841 ஏடு (கணக்கெடுப்பு இரவு ஜூன் 6) படிக்கக் கஷ்டமானது. பென்சிலில் எழுதியது, பல பக்கங்கள் மங்கிவிட்டன. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், அதனால் 34 வயதுக்காரர் 30 என்று நிற்பார். எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் இதைக் கடைப்பிடிக்கவில்லை என்பது இன்னொரு தலைவலி. குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்று இருக்காது. பிறந்த இடமாக "இதே கவுன்ட்டியா (நம் மாவட்டம் போன்ற பிரிவு), ஆம், இல்லை" என்பதோடு, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வெளிநாடு என்றால் ஓரெழுத்துக் குறி, அவ்வளவே.

1851இலிருந்துதான் உண்மையான ஆராய்ச்சி ஆரம்பம். உறவு, திருமண நிலை, சரியான வயது, பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சிறு வட்டாரம்) எல்லாம் வந்துவிடுகின்றன. 1861, 1871, 1881 ஏறக்குறைய இதே வடிவம். 1891இல் ஐந்துக்குக் குறைவான அறைகள் உள்ள வீடுகளுக்கு அறை எண்ணிக்கை சேர்ந்தது, வேல்ஸில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற கேள்வியும் சேர்ந்தது. தெற்கு வேல்ஸை ஆராய்கிறவர்களுக்கு இந்த மொழிக் கேள்வி பொக்கிஷம்: அப்பா அம்மா வெல்ஷ் மட்டும், மூத்த பிள்ளைக்கு இரண்டு மொழி, கடைசிப் பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டும் என்று ஒரே வீட்டுக்குள் ஒரு மாற்றம் நடந்திருந்தால் அது அப்படியே தெரியும்.

1911, 1921 இரண்டும் வேறு ரகம். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

3. எங்கே பார்ப்பது

ஏடுகளின் மூலம் லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. படங்களை ஆன்சஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற கட்டணத் தளங்களில் பார்க்கலாம். 1881 படியெடுப்பு ஃபேமிலிசர்ச்சில் இலவசம். ஃப்ரீசென் என்ற தன்னார்வலர் தளமும் இலவசம், ஆனால் எல்லாக் கவுன்ட்டியும் எல்லா ஆண்டும் அதில் முடிந்திருக்காது, உங்கள் ஊர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து ஏடுகளுக்குத் தனித் தளம், ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள். பணம் கட்டும் முன் உங்கள் ஊரின் எல்லாப் பக்கங்களையும் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு மாதச் சந்தா எடுத்து, அந்த மாதத்துக்குள் எல்லாப் படங்களையும் இறக்கி முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

4. பெயரை விட்டு ஏட்டு எண்ணைப் பிடியுங்கள்

ஒவ்வொரு ஆண்டுக்கும் காப்பகத்தில் ஒரு வரிசைக் குறி உண்டு. 1841க்கும் 1851க்கும் எச்ஓ 107. 1861க்கு ஆர்ஜி 9, 1871க்கு ஆர்ஜி 10, அப்படியே ஏறிக்கொண்டே போய் 1911க்கு ஆர்ஜி 14, 1921க்கு ஆர்ஜி 15. அதற்குள் கட்டு எண், தாள் எண், பக்க எண். தாள் எண் ஒரு தாளுக்கு ஒன்றுதான், முன்பக்கத்தில் மட்டும் முத்திரையாக இருக்கும், பின்பக்கமும் அதே எண்ணைச் சேர்ந்தது. இதைக் குறித்துக்கொள்ளாமல் படத்தை மட்டும் சேமித்தால் ஒரு வாரத்தில் எது எந்த ஊர் என்றே தெரியாமல் போய்விடும்.

உங்கள் ஊரில் இருந்ததாகத் தெரிந்த ஒருவர் பெயரைப் போட்டு அந்தப் பக்கத்தைப் பிடியுங்கள், பிறகு தேடல் பெட்டியை மறந்துவிட்டு, படத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய் அந்த ஏட்டின் முதல் பக்கத்துக்கு வாருங்கள். அங்கே கணக்கெடுப்பாளரின் வட்டாரம் எது, எந்தத் தெருவில் தொடங்கி எந்த வரிசையில் முடித்தார், எந்தெந்தப் பண்ணை சேரும் என்று எல்லைக் குறிப்பு இருக்கும். பலரும் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்து, வேல்ஸுக்கும் சேர்த்துப் பழைய ஆர்டினன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறை) வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஒரு மைலை 25 அங்குலமாக வரைந்த வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எல்லைக் குறிப்பைப் படித்தால், கணக்கெடுப்பாளர் நடந்த வழியிலேயே நீங்களும் நடக்கலாம்.

பக்கத்தில் இரண்டு சாய்கோடு வந்தால் ஒரு வீடு முடிந்தது. ஒரு சாய்கோடு என்றால் வீடு அதேதான், அதற்குள் இன்னொரு குடும்பம். இடப்பக்கம் முதலில் இருக்கும் எண் படிவத்தின் எண், கதவிலக்கம் அல்ல. அதை முகவரி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுக்கப் புரண்டுவிடும். ஆளில்லாத வீடுகளும் குறிக்கப்பட்டிருக்கும், அவற்றை விடாதீர்கள். சுரங்க ஊரில் ஒரே வரிசையில் பல வீடு காலி என்றால் குழி நின்றிருக்கலாம், வேலைநிறுத்தம் நடந்து குடும்பங்களை வெளியேற்றியிருக்கலாம், அல்லது புதிதாகக் கட்டி இன்னும் ஆள் வராமல் இருக்கலாம்.

இன்னொன்று: 1841 முதல் 1901 வரை நாம் பார்ப்பது வீட்டுக்காரர் நிரப்பிய படிவம் அல்ல, அதைப் பார்த்துக் கணக்கெடுப்பாளர் எழுதிய பிரதி. மூலப் படிவங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. எனவே ஏட்டில் இருப்பது எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சுரங்கத் தொழிலாளி வாயால் சொல்லி, யாரோ நிரப்பி, கணக்கெடுப்பாளர் மறுபடி எழுதி, பிறகு லண்டனில் குமாஸ்தா ஒருவர் எண்ணும்போது மேலே கோடு கிழித்துவைத்த வரி. அந்தக் கோடுகள் பல இடங்களில் வயதையும் தொழிலையும் மறைத்துக்கொண்டு நிற்கும்.

5. படியெடுப்பது

கூகுள் ஷீட்டோ எக்செல்லோ, எதுவானாலும் ஒரு ஆளுக்கு ஒரு வரி. ஏட்டு எண், தாள், பக்கம், படிவ எண், தெரு, பெயர், உறவு, திருமண நிலை, வயது, ஆணா பெண்ணா, தொழில், பிறந்த இடம். இவை எல்லாம் ஏட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துப் பிழையோடு. அதற்குப் பக்கத்தில் நீங்கள் திருத்திய வடிவத்துக்குத் தனிக் கட்டங்கள்: சீராக்கிய தொழில், சீராக்கிய பிறந்த ஊர், உங்கள் குறிப்பு. மூலத்தையும் திருத்தத்தையும் ஒரே கட்டத்தில் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. "டிட்டோ" என்று இருந்தால் மேலே உள்ளதை நிரப்புங்கள், ஆனால் நிரப்பியது என்று ஒரு குறி வையுங்கள், ஏனென்றால் அவசரத்தில் அவர் போட்ட டிட்டோ சில சமயம் தவறான வரிக்கு இழுத்துக்கொண்டு போகும்.

தளங்களின் தயார் படியெடுப்பை நம்பி உட்காராதீர்கள். ஊர்ப் பெயர்களிலும் சுரங்கத் தொழில் பெயர்களிலும் அவை நிறைய சறுக்குகின்றன.

6. தொழில் கட்டம்

ஒரு கணக்கெடுப்பாளர் எல்லோரையும் "கோல் மைனர்" என்று எழுதிவிட்டுப் போவார், அடுத்த வட்டாரக்காரர் குழிக்குள் யார் என்ன செய்கிறார் என்று பிரித்து எழுதியிருப்பார். முதல் ஏட்டில் வெவ்வேறு வேலைக்காரர்கள் இல்லை என்று அர்த்தமல்ல, எழுதவில்லை என்றுதான் அர்த்தம். எனவே இரண்டு வட்டாரங்களை ஒப்பிடும் முன் இரண்டு கணக்கெடுப்பாளர்களின் கையை ஒப்பிடுங்கள்.

வடகிழக்கில் நல்ல கணக்கெடுப்பாளர் கிடைத்தால் குழிக்குள் ஒருவரின் வாழ்நாளே வயது வரிசையில் தெரியும். டிராப்பர் என்பவன் சின்னப் பையன், காற்றோட்டக் கதவை இருட்டில் உட்கார்ந்து திறந்து மூடுகிறவன். கொஞ்சம் வளர்ந்தால் டிரைவர், குட்டிக் குதிரையை ஓட்டுகிறவன். பதின்ம வயதின் பின்பாதியில் புட்டர், நிலக்கரித் தொட்டியைத் தள்ளுகிறவன். இருபதை ஒட்டி ஹியூவர், அதாவது பாறை முகத்தில் நிலக்கரியை வெட்டுகிறவர், சம்பளத்திலும் மரியாதையிலும் உச்சம். உடம்பு தளர்ந்த பிறகு ஷிஃப்டர், அதாவது பாதைகளைச் சரிசெய்யும் வேலை, கடைசியில் மேலே வந்து கரியைச் சலித்துப் பொறுக்குவது. டெப்யூட்டி, ஓவர்மேன் இருவரும் மேற்பார்வை. ஆன்செட்டர் குழியின் அடியில் கூண்டில் ஏற்றுகிறவர், பாங்க்ஸ்மேன் மேலே இறக்குகிறவர். வியூவர் என்றால் வேடிக்கை பார்க்கிறவர் இல்லை, சுரங்கத்தையே நடத்தும் பொறியாளர். பிட்மேன் என்பது பொதுப்பெயர். தெற்கு வேல்ஸில் வெட்டுகிறவர் கோலியர், குதிரையோடு இழுப்பவர் ஹாலியர். துறைமுக ஊர்களில் மட்டும் கோலியர் என்ற சொல்லைக் கவனமாகப் பாருங்கள், நிலக்கரிக் கப்பலுக்கும் அதே பெயர்தான்.

இந்தத் தொழில்களை வயதோடு சேர்த்து ஒரு எளிய அட்டவணை போட்டுப் பாருங்கள். 45 வயதுக்கு மேல் எத்தனை ஹியூவர்கள் இருக்கிறார்கள், 60 வயதில் எத்தனை பேர் குழிக்குள் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு வேறெந்த ஆவணமும் இவ்வளவு நேராகப் பதில் சொல்லாது.

7. பிள்ளைகள் பிறந்த ஊர்: ஏட்டின் உயிர்

ஒரே ஒரு கட்டத்தை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் பிள்ளைகள் பிறந்த இடத்தைப் படியுங்கள் என்பேன். டர்ஹம், நார்தம்பர்லாந்து பகுதிகளில் நெடுங்காலம் தொழிலாளர்கள் ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தார்கள், 1872இல்தான் அது ஒழிந்தது. ஒப்பந்தம் முடியும்போது சட்டி பானையோடு அடுத்த குழிக்குப் போகிற குடும்பங்கள் ஏராளம். அந்த நகர்வுக்குத் தனி ஏடு கிடையாது, பிள்ளைகள்தான் ஏடு.

மாதிரிக்கு ஒரு 1861 குடும்பம் வைத்துக்கொள்வோம். அப்பா ஹியூவர், 38 வயது. மூத்த மகன் 13, பிறந்தது ஹெட்டன். அடுத்தவள் 11, ஹாஸ்வெல். அடுத்தவன் 8, தோர்ன்லி. பிறகு 5 வயதும் 2 வயதும், இரண்டும் டிரிம்டன். ஆக 1848 வாக்கில் ஹெட்டனில், 1850 வாக்கில் ஹாஸ்வெல்லில், 1853 வாக்கில் தோர்ன்லியில், 1856க்குள் டிரிம்டனுக்கு வந்து ஐந்தாண்டாவது அங்கேயே இருந்திருக்கிறார்கள். இரண்டு சென்சஸுக்கு நடுவில் இருக்கும் பத்தாண்டு இருட்டில் இப்படி நாலைந்து விளக்கு எரிகிறது. ஒரு தெருவில் நாற்பது குடும்பத்துக்கு இதைச் செய்து வரைபடத்தில் கோடு போட்டால், எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு ஆள் போனார்கள் என்பது கண்முன் வந்துவிடும். சில சமயம் ஐந்தாறு குடும்பம் ஒரே வழியில் ஒன்றாக நகர்ந்திருப்பது தெரியும். அப்போது மனைவிகளின் பிறந்த ஊரையும், முடிந்தால் திருமணப் பதிவில் அவர்களின் தகப்பன் பெயரையும் பாருங்கள், அவர்களில் சிலர் அக்கா தங்கைகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று எச்சரிக்கை. தலைப்பிள்ளை அம்மா வீட்டில் பிறப்பது அங்கேயும் உண்டு, எனவே முதல் பிள்ளையின் ஊரைக் குடும்பம் இருந்த ஊராக எடுத்துக்கொள்ளும் முன் அம்மாவின் பிறந்த ஊரோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது, தோர்ன்லி கெல்லோ பாரிஷுக்குள், ஹாஸ்வெல் ஈசிங்டன் பாரிஷுக்குள் இருந்தவை. ஒரே ஆள் ஒரு சென்சஸில் தோர்ன்லி என்றும் அடுத்ததில் கெல்லோ என்றும் சொல்லியிருந்தால் அது முரண்பாடு இல்லை. மூன்றாவது, இறந்துபோன பிள்ளைகள் இந்த வரிசையில் இல்லை, 8க்கும் 5க்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள்.

வெகுதூரத்துப் பிறந்த ஊர்கள் திடீரெனக் கூட்டமாக வந்தால் பின்னால் ஒரு கதை இருக்கும். 1865இல் நார்தம்பர்லாந்தின் கிராம்லிங்டனில் வேலைநிறுத்தம் நடந்தபோது அதை உடைக்க கார்ன்வாலிலிருந்து சுரங்கக் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த வட்டாரத்தின் 1871 ஏட்டில் கார்ன்வாலில் பிறந்த பெற்றோரையும் நார்தம்பர்லாந்தில் பிறந்த சின்னப் பிள்ளைகளையும் தேடினால், வந்தவர்கள் வேர் பிடித்தார்களா என்று பார்க்கலாம்.

8. காலியாக இருக்கும் கட்டங்கள்: பெண்கள்

சுரங்க ஊர் ஏட்டில் மணமான பெண்களுக்கு எதிரே தொழில் கட்டம் வரிசையாக வெறுமையாக இருக்கும். நாலு ஆண்கள் வெவ்வேறு ஷிஃப்டில் குழிக்குப் போகும் வீட்டில், ஒவ்வொருவர் வரும்போதும் வெந்நீர் வைத்து, கரி படிந்த துணியைத் துவைத்து, சமைத்து, அடுத்தவரை எழுப்பி அனுப்பும் பெண்ணுக்கு ஓய்வென்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். 1911 படிவத்தில் வீட்டு வேலை மட்டும் செய்யும் மனைவி, மகளுக்கு எதுவும் எழுத வேண்டாம் என்றே அச்சடித்திருந்தார்கள், அப்படியும் சிலர் எழுத, குமாஸ்தாக்கள் அதை அடித்துவிட்டார்கள். இந்த வெறுமையை "வேலை இல்லை" என்று எக்செல்லில் போடாதீர்கள். "பதிவு இல்லை" என்று போடுங்கள். பிறகு அந்த வீட்டில் சம்பாதிக்கும் ஆண்கள் எத்தனை பேர், தங்கியவர்கள் எத்தனை பேர், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் அவளுடைய வேலையின் அளவு.

தங்கியவர்களில் லாட்ஜர், போர்டர் என்று இரு வகை வரும். போர்டர் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர், லாட்ஜர் இடத்துக்கு மட்டும் வாடகை கொடுக்கிறவர் என்பது விதி. நடைமுறையில் கணக்கெடுப்பாளர்கள் இரண்டையும் குழப்பியிருக்கிறார்கள், எனவே இரண்டையும் சேர்த்தே எண்ணுவது பாதுகாப்பு.

விதவைகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். நிறுவன வீடு குழியில் வேலை செய்கிறவர் இருக்கும்வரைதான். கணவன் போன பின் ஒருத்தி அதே வரிசையில் இருக்கிறாள் என்றால் பெரும்பாலும் ஒரு மகன் குழிக்குள் போயிருப்பான். 12 வயது மகன் பெயருக்கு எதிரே தொழில் எழுதியிருப்பதையும் அம்மா விதவை என்பதையும் ஒரே பார்வையில் படிக்கும்போதுதான் அந்தப் பையன் ஏன் பள்ளியில் இல்லை என்பது புரியும்.

9. பையன்கள், சட்டம், வயது

1842 சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட பையன்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. 1872 சட்டம் பையன்களுக்கான வயதைப் பொதுவாக 12 ஆக்கியது, 1900இல் 13, 1911 சட்டத்தில் 14. உங்கள் ஏட்டின் ஆண்டை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். 1841 ஏடு சட்டத்துக்கு முந்தையது, அதனால் முக்கியமானது, ஆனால் அதில் நிலத்தடிப் பெண்களும் சிறுவர்களும் மிகக் குறைவாகவே தொழிலோடு வருகிறார்கள். 1842இல் வெளிவந்த அரசு விசாரணைக் குழு அறிக்கையில் அவர்களே வாயைத் திறந்து பேசுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள். சட்ட வயதுக்குக் கீழே உள்ள பையனுக்கு "பள்ளிப் பிள்ளை" என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம், அரை நாள் படிப்பும் அரை நாள் வேலையுமாக இருந்தவனுக்கும் அதே சொல்தான் விழுந்திருக்கும். நிலத்தடிக்குப் போகாமல் குழிக்கு மேலே சுரங்க வேலை செய்த பெண்கள் லங்காஷயரின் விகன் பகுதியில் நெடுங்காலம் இருந்தார்கள், அங்கே பார்க்கிறவர்கள் இளம் பெண்களின் தொழில் கட்டத்தை விடாதீர்கள்.

10. ஒரு முழுப் பயிற்சி: நியூ ஹார்ட்லி

1862 ஜனவரி 16 அன்று நார்தம்பர்லாந்தின் நியூ ஹார்ட்லியில் ஹெஸ்டர் குழியின் நீரிறைக்கும் இயந்திரத்தின் ராட்சத வார்ப்பிரும்பு உத்தரம் உடைந்து குழிக்குள் விழுந்தது. உள்ளே போக, வெளியே வர இருந்தது ஒரே ஒரு வழி, அது அடைந்துவிட்டது. 204 ஆண்களும் பையன்களும் இறந்தார்கள். அந்த ஆண்டே இரண்டு வழி கட்டாயம் என்று சட்டம் வந்தது. சென்சஸ் எடுத்தது 1861 ஏப்ரல் 7 இரவு, விபத்துக்கு ஒன்பது மாதம் முன்பு. அதாவது அந்த ஊர் முழுதாக இருந்த கடைசிக் கணக்கு அது.

செய்ய வேண்டியது இது. இறந்தவர்கள் பட்டியலை எடுங்கள், ஏர்ஸ்டன் தேவாலய வளாகத்தில் உள்ள நினைவுத் தூணிலும் பெயர்கள் இருக்கின்றன. 1861 ஏட்டில் ஏர்ஸ்டன் பாரிஷைச் சேர்ந்த வட்டாரங்களை முழுதாகப் படியெடுங்கள். பட்டியலில் உள்ளவரை ஒவ்வொருவராக வீட்டோடு பொருத்துங்கள். பெயர் மட்டும் போதாது, வயதும் உறவும் சேர வேண்டும், வயதில் ஓரிரு ஆண்டு வித்தியாசம் சகஜம். ஒன்பது மாதத்தில் குடிபெயர்ந்து வந்தவர்கள் இருப்பார்கள், அவர்கள் அந்த ஊரில் கிடைக்க மாட்டார்கள், பக்கத்துச் சுரங்க ஊர்களில் தேட வேண்டும். பொருத்தி முடித்தபின் ஆட்களை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள்: எத்தனை வீட்டில் ஒருவர் போனார், எத்தனை வீட்டில் அப்பனும் மகன்களும் சேர்ந்து போனார்கள், எத்தனை வீட்டில் தங்கியிருந்தவரும் சேர்ந்து போனார், சம்பாதிக்கும் ஆண் ஒருவர்கூட மிஞ்சாத வீடு எத்தனை. 204 என்ற எண்ணைவிட இந்தக் கடைசி எண்தான் ஊருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லும்.

அப்புறம் 1871. அந்த விதவைகளையும் பிள்ளைகளையும் தேடுங்கள். மறுமணம் செய்தவள் வேறு பெயரில் இருப்பாள், ஆனால் முதல் கணவனின் பிள்ளைகள் பழைய குடும்பப் பெயரோடு, புதிய கணவனுக்கு மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளைகள் என்ற உறவில் நிற்பார்கள், அதை வைத்துப் பிடிக்கலாம். கிடைக்காதவர்களை இறந்தவர்கள் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஊர் மாறியிருக்கலாம், கடல் கடந்திருக்கலாம், கையெழுத்துப் புரியாமல் படியெடுப்பில் வேறு பெயராகியிருக்கலாம். "கிடைக்கவில்லை" என்பது தனி வகை, அதன் சதவீதத்தையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேல்ஸில் இந்தப் பொருத்தும் வேலை இன்னும் கடினம், ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்று தெருவே நாலு பெயருக்குள் அடங்கிவிடும். அங்கே ஆளைப் பொருத்தாமல் குடும்பத்தைப் பொருத்துங்கள், அதாவது மூன்று பிள்ளைகளின் பெயரும் வயது வரிசையும் பிறந்த ஊரும் ஒத்துவந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள்.

11. 1911உம் 1921உம்

1911இல் வீட்டுக்காரர் தன் கையால் நிரப்பிய படிவமே இருக்கிறது. தொழிலோடு எந்தத் துறை என்பதும் உண்டு. மணமான பெண்ணுக்குத் திருமணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்ற கேள்விகள் உண்டு. சுரங்கக் குடும்பங்களில் பிறப்பும் அதிகம், சிசு மரணமும் அதிகம் என்பது இந்தக் கேள்வியின் வழியாகத்தான் நாடு முழுவதற்கும் தெரியவந்தது. சமையலறையைச் சேர்த்து அறை எண்ணிக்கையும் எல்லா வீட்டுக்கும் உண்டு. ஒரு அறைக்கு இரண்டு பேருக்கு மேல் என்றால் நெரிசல் என்பது அன்றைய அரசு அளவுகோல், அதையே நீங்களும் வைத்துக்கொள்ளலாம். தெற்கு வேல்ஸின் செங்கெனித் விபத்து (1913 அக்டோபர் 14, சுரங்கத் தொழிலாளர்கள் 439 பேர்) பற்றி ஆராய்கிறவர்களுக்கு 1911 ஏடுதான் நியூ ஹார்ட்லிக்கு 1861 ஏடு போல.

1921இல் முதலாளியின் பெயரும் வேலை செய்த இடமும் கேட்கப்பட்டன. சுரங்க ஆராய்ச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும், எந்த ஆள் எந்தக் குழி என்று நேரடியாக வந்துவிடுகிறது. ஆனால் தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 24க்குத் திட்டமிட்ட கணக்கெடுப்பு, நிலக்கரித் தகராறு முற்றியதால் ஜூன் 19க்குத் தள்ளிப்போனது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூலை தொடக்கம் வரை சுரங்க முதலாளிகள் கதவடைப்பு செய்திருந்தார்கள், ஆக கணக்கெடுத்த அன்று சுரங்கத் தொழிலாளர்கள் வேலையில் இல்லை. படிவங்களில் "வேலை இல்லை" என்று வருவதை ஊரின் வழக்கமான நிலை என்று எடுத்துக்கொண்டால் ஆய்வு முழுக்கத் தவறிவிடும். இந்த ஏடு 2022 ஜனவரியில் ஃபைண்ட்மைபாஸ்டில் வெளியானது.

இதற்குப் பிறகு பெரிய ஓட்டை. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 ஏடுகள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின, 1941இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேடு ஒன்றுதான் கைகொடுக்கும், பிறந்த தேதியும் தொழிலும் அதில் உண்டு, பிறந்த ஊர் இல்லை. நூறு ஆண்டு பூட்டு இருப்பதால் 1951 ஏடு 2052இல்தான் திறக்கும்.

12. உங்கள் ஊரை மற்ற ஊர்களோடு வைத்துப் பார்ப்பது

உங்கள் தெருவில் பத்தில் மூன்று வீட்டில் தங்கியவர்கள் இருந்தார்கள் என்றால் அது அதிகமா குறைவா? பக்கத்து விவசாயக் கிராமம் ஒன்றின் சில பக்கங்களையும் படியெடுத்துவிடுங்கள், உடனே விடை தெரியும். பெரிய அளவில் ஒப்பிட எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஐ-செம் தரவுத்தொகுப்பு இருக்கிறது, யூகே டேட்டா சர்வீஸ் வழியாகப் பதிவு செய்து பெறலாம், கோடிக்கணக்கான வரிகள் தொழில்வாரியாகக் குறியிடப்பட்டவை. கேம்பிரிட்ஜின் பாப்புலேஷன்ஸ் பாஸ்ட் தளத்தில் பிறப்பு, சிசு மரணம், திருமண வயது எல்லாம் வரைபடமாகவே கிடைக்கும், நிலக்கரி வட்டாரங்கள் தனித்துத் தெரிவதை அங்கேயே பார்க்கலாம். சதவீதம் போடும்போது கீழே உள்ள மொத்தத்தை எப்போதும் எழுதுங்கள். 12 வீட்டில் 3 என்பதை 25 சதவீதம் என்று மட்டும் எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

13. நம் நாட்டுச் சுரங்க ஊருக்கு இதைச் செய்யலாமா?

ஜாரியா, ராணிகஞ்ச், சிங்கரேணி, நெய்வேலி என்று கேட்கத் தோன்றும். பெயர் வாரியாக முடியாது. இந்தியாவில் ஆட்களின் விவரம் எழுதிய தாள்கள் எண்ணி முடித்தபின் இப்படி வைத்துப் பாதுகாக்கப்படவில்லை, சுதந்திரத்துக்குப் பிறகு 1948 சென்சஸ் சட்டம் தனிநபர் பதிவைப் பிறர் பார்ப்பதையே தடுக்கிறது. கையில் இருப்பது அச்சிட்ட அட்டவணைகள். அவை சாதாரணமானவை அல்ல: 1901 முதல் 1931 வரையிலான வங்காள, பீகார் தொகுதிகளில் தொழில், பிறந்த மாவட்டம், சாதி, மொழி எல்லாம் மாவட்ட அளவில் இருக்கின்றன. எங்கிருந்து ஆள் வந்தார்கள் என்ற கேள்விக்கு மாவட்ட அளவில் பதில் உண்டு, எந்த வீட்டில் யாரோடு இருந்தார்கள் என்ற கேள்விக்கு இல்லை. நெய்வேலிக்கு, நிறுவனம் தொடங்கியது 1956 என்பதால், 1951, 1961 மாவட்டக் கையேடுகளில் தென்னாற்காடு தொகுதிகளை அடுத்தடுத்து வைத்துக் கிராமவாரி மக்கள்தொகையை ஒப்பிடுவதிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் அங்கே சென்சஸை மூடிவைத்துவிட்டு, நிலம் கொடுத்த குடும்பங்களிலும் முதல் தலைமுறைத் தொழிலாளர்களிலும் இன்னும் இருப்பவர்களிடம் நேரில் போய்ப் பேச வேண்டும், அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும்.